செய்திக்கு முன்னால் இருந்த இடைவெளி

1906 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே ஒரு ரயில் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்தது. ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். விபத்து என்றால் வாயை மூடிக்கொள்வதுதான் அன்றைய ரயில் கம்பெனிகளின் வழக்கம். பென்சில்வேனியா ரயில் நிறுவனத்துக்கு வேலை பார்த்த ஐவி லீ அதை மாற்றினார். நடந்ததை எழுதி நிருபர்களிடம் கொடுத்தார். நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே அச்சிட்டது. பத்திரிகைக் குறிப்பு பிறந்த கதையாக இதைத்தான் பலரும் சொல்வார்கள்.

அந்த முறையைத் தாங்கி நின்றது ஓர் இடைவெளி. சம்பவம் நடப்பதற்கும் வாசகர் படிப்பதற்கும் நடுவே பல மணி நேரம் இருந்தது. நிருபர் விசாரிப்பார், நிறுவனம் தன் பக்கத்தைச் சொல்லும், ஆசிரியர் தேறாததைக் கழிப்பார். அப்படிக் கழித்த ஒருவரை டேவிட் மேனிங் வைட் என்ற ஆய்வாளர் ஆராய்ந்து 1950-ல் எழுதினார். ஒரு வாரத்தில் வந்த தந்திச் செய்திகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை அந்த ஆசிரியர் ஒதுக்கியிருந்தார். ஒதுக்கியதற்கு அவரே சொன்ன காரணங்களில் சொந்த விருப்பு வெறுப்பும் நிறையவே இருந்தது. செய்தி தாண்டியாக வேண்டிய அந்த வாசலைப் புனிதமாக்க வேண்டியதில்லை. ஆனாலும் அது ஒரு வாசல்.

2009 ஜனவரியில் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் விமானம் இறங்கியபோது, உதவிக்குப் போன படகில் இருந்த ஒரு பயணி கைப்பேசியில் படம் எடுத்து ட்விட்டரில் போட்டார். உலகம் முழுக்க அந்தப் படம் சுற்றியது. வாசலும் இல்லை, இடைவெளியும் இல்லை.

சரி, ஒரு பதிவு எப்படிப் பரவுகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு பேர் ஒரு பதிவைப் பார்க்கிறார்கள். இரண்டு பேர் பகிர்கிறார்கள். ஒவ்வொரு பகிர்வும் புதிதாக 40 பேர் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சுற்றில் பார்ப்பவர்கள் 80, அதற்கடுத்து 64, பிறகு 51. தானாக அணைந்துவிடும். இப்போது நூற்றுக்கு மூன்று பேர் பகிரட்டும். 120, 144, 173... இருபதாவது சுற்றில் 3,800-ஐத் தாண்டும். நாற்பதாவது சுற்றில் ஒன்றரை லட்சத்தை நெருங்கும். தொற்றுநோய்க்கும் இதே கணக்குதான். நூற்றில் ஒரே ஒருவர் கூடுதலாகப் பகிர்ந்ததில் வந்த வித்தியாசம் இது.

அந்த ஒருவரைப் பகிர வைப்பது பெரும்பாலும் வியப்பு. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 கதைகளை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி 2018-ல் வெளியிட்டார்கள். உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்கு ஏறக்குறைய ஆறு மடங்கு நேரம் பிடித்தது. தானியங்கிக் கணக்குகள் இரண்டையும் ஒரே அளவில்தான் பரப்பின. பொய்யை முந்த விட்டது மனிதர்கள். அப்புறம், சூடாக எதிர்வினை வரும் பதிவை இன்னும் பல பேருக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும் சமூக ஊடகத் தளத்தின் நிரல், நம் கணக்கில் இருந்த 40-ஐயும் உயர்த்திவிடுகிறது.

மக்கள் தொடர்புத் துறையை இது தலைகீழாகப் புரட்டியது. ஐவி லீயின் குறிப்பை வாங்க ஒரு நிருபர் இருந்தார். இன்று நிறுவனம் பேசுவதற்குள் கூட்டம் பேசி முடித்துவிடுகிறது. அதனால்தான் முதல் மணி நேரத்திலேயே ஒரு சின்ன அறிவிப்பு வருகிறது: எங்களுக்குத் தெரியும், விசாரிக்கிறோம், அடுத்த தகவல் இத்தனை மணிக்கு. மறைக்கப் பார்ப்பது இதைவிட மோசமாக முடியும். பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் தன் வீடு தெரியும் ஒரு வான்வழிப் படத்தை இணையத்திலிருந்து நீக்கச் சொல்லி 2003-ல் வழக்குத் தொடுத்தார். அதுவரை ஆறு முறைதான் அந்தப் படம் தரவிறக்கப்பட்டிருந்தது, அதிலும் இரண்டு அவருடைய வழக்கறிஞர்களுடையது. வழக்குச் செய்தி பரவிய ஒரு மாதத்தில் நாலு லட்சம் பேருக்கு மேல் அந்தத் தளத்துக்கு வந்தார்கள்.

2013 ஏப்ரல் தொடக்கத்தில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம், நிறுவனங்கள் முக்கிய அறிவிப்புகளைச் சமூக ஊடகத்திலேயே வெளியிடலாம், எந்தக் கணக்கில் என்று முதலீட்டாளர்களிடம் முன்கூட்டிச் சொன்னால் போதும் என்றது. அதே மாதம் 23-ம் தேதி அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கைக் கைப்பற்றிய சிலர், வெள்ளை மாளிகையில் குண்டு வெடித்ததாக எழுதினார்கள். சில நிமிடங்களில் அமெரிக்கப் பங்குச்சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு 140 புள்ளிகளுக்கு மேல் சரிந்து மீண்டது.

சரிபார்ப்பு ஒழிந்துவிடவில்லை, வெளியீட்டுக்குப் பின்னால் போய்விட்டது. 2004-ல் அதிபர் புஷ்ஷின் ராணுவப் பணி பற்றி சிபிஎஸ் தொலைக்காட்சி காட்டிய பழைய கடிதங்களின் எழுத்துரு இன்றைய கணினியில் அடித்ததுபோல இருக்கிறதே என்று சில மணி நேரத்தில் பிடித்தவர்கள் வலைப்பதிவர்கள். அவை அசல்தான் என்று நிரூபிக்க முடியவில்லை என ஒப்புக்கொண்டு சிபிஎஸ் வருத்தம் தெரிவித்தது. வலைப்பதிவர்களின் அந்த வேலையை நான் மனதாரப் பாராட்டுவேன். ஆனால் கடைசியில் வரும் திருத்தமும் ஒரு பதிவுதானே, அதற்கும் அதே கணக்குதான். அதில் வியப்பில்லை, கோபமில்லை. நூற்றில் இரண்டு பேர் பகிர்கிறார்கள். 80, 64, 51.