பிரஷர் பார்க்கும்போது கை எங்கே இருக்கிறது?

"இப்போ 150 காட்டுச்சு, பத்து நிமிஷத்துல 138 காட்டுது. மெஷின் சரியில்லை" என்று பலர் சொல்கிறார்கள். பெரும்பாலும் மெஷினில் பழுது இருக்காது. கை இருந்த உயரம் மாறியிருக்கும்.

ரத்தம் எடையுள்ள திரவம். மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் மாடிக் குழாயைவிடக் கீழ்வீட்டுக் குழாயில் வேகமாகக் கொட்டுகிறதல்லவா? அதுபோல, இதயத்துக்குக் கீழே இறங்க இறங்க ரத்தக் குழாயில் அழுத்தம் கூடும். பிரஷரைப் பாதரசத்தின் உயரத்தில், மி.மீ. கணக்கில் சொல்கிறோம். பாதரசம் ரத்தத்தைவிட ஏறக்குறைய 13 மடங்கு அடர்த்தி. அதனால் கை 10 செ.மீ. தாழ்ந்தாலே அளவு சுமார் 8 மி.மீ. பாதரசம் கூடிவிடும், உயர்ந்தால் அதே அளவு குறையும். கட்டிலோரம் உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டுப் பார்த்தால், இல்லாத பிரஷருக்கு மாத்திரை தொடங்கும் நிலைகூட வரலாம்.

முதுகு சாயும் நாற்காலியில், பாதம் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். காற்றடிக்கும் கைப்பட்டையின் நடுப்பகுதி நெஞ்செலும்பின் நடுமட்டத்துக்கு வரும்படி, முழங்கைக்கு அடியில் மடித்த துண்டு வையுங்கள். கையை நீங்களே தூக்கிப் பிடிக்கக் கூடாது. தசை இறுகினாலும் அளவு ஏறும்.

பட்டையின் அளவையும் பாருங்கள். பருமனான கையில் சிறிய பட்டையைச் சுற்றினால், அதன் அழுத்தம் தமனிவரை முழுதாகப் போய்ச் சேராது. கூடுதலாகக் காற்றடித்தால்தான் தமனி மூடும். அளவும் கூடுதலாகவே காட்டும். மேல்கையின் நடுச்சுற்றளவை டேப்பால் அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் செ.மீ. அளவோடு ஒப்பிட்டு வாங்குங்கள். சட்டைக்கு மேல் கட்ட வேண்டாம்.

ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்கும் முறையை 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் விளக்கினார். திறந்த தமனியில் ரத்தம் சீராக ஓடும், சத்தம் இருக்காது. பாதி நசுங்கிய தமனியில் சுழித்துப் பாயும்போதுதான் 'டப் டப்' என்று கேட்கும். பட்டையில் காற்றடித்துத் தமனியை மூடிவிட்டு மெல்ல இறக்கும்போது கேட்கும் முதல் சத்தம் மேல் அளவு, சத்தம் மறையும் இடம் கீழ் அளவு. காற்றை நொடிக்கு 2 முதல் 3 மி.மீ. வீதம்தான் இறக்க வேண்டும். நிமிடத்துக்கு 60 முறை துடிக்கும் இதயத்தில், நொடிக்கு 10 மி.மீ. இறக்கினால், இரண்டு துடிப்புக்கு நடுவே 10 மி.மீ. வரை பிழை புகுந்துவிடும். அவசரமான கிளினிக்குகளில் இது சாதாரணமாக நடக்கிறது.

டிஜிட்டல் மெஷின் சத்தம் கேட்பதில்லை. பட்டைக்குள் ஏற்படும் அதிர்வை அளக்கிறது. கை அசைந்தாலும் பேசினாலும் குழம்பும். நாடித்துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்கு ஒரே அளவை நம்ப முடியாது. மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். மற்றவர்கள் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதி வையுங்கள். வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் நீடித்தால், அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.