எல்லாமே எண்ணெய் விளக்குதான், வெளிச்சம் எப்படி மாறுச்சு?

கரண்ட் வர்றதுக்கு முன்னாடி நம்ம கிராமத்து வீடுகள்ல அகல், சிம்னி விளக்கு, அரிக்கேன் லைட், விசேஷம்னா பெட்ரோமாக்ஸ். இதெல்லாம் இப்போ பரண்ல கிடக்கு, ஆனா ஒவ்வொண்ணுக்குள்ளயும் இருக்குற யோசனை ரொம்பப் பெருசு.

அகல்ல இருந்து வருவோம். திரியோட நூலிழைகளுக்கு நடுவுல இருக்குற இடுக்கு வழியா எண்ணெய் தானா மேல ஏறுது, நுண்புழை ஏற்றம்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். முக்கியமா எரியுறது திரி இல்லை, திரி நுனியில சூட்டுக்கு ஆவியாகுற எண்ணெய்தான், அதனாலதான் எண்ணெய் தீர்ற வரைக்கும் திரி தாக்குப்பிடிக்குது. விளக்கெண்ணெய் மண்ணெண்ணெயை விட பல நூறு மடங்கு கெட்டி, வேகமா ரொம்ப உயரம் ஏறாது, அதனால சுடர் எண்ணெயை ஒட்டியே இருந்தாகணும். அகல் ஆழமில்லாம இருக்குறதுல அப்படி ஒரு வசதி.

மண்ணெண்ணெய் தண்ணி மாதிரி, சரசரன்னு ஏறிடும். டேங்க் கீழ, சுடர் மேலன்னு விளக்கோட உருவமே மாறிடுச்சு. போலந்துக்காரரான இக்னாசி லுகாசியேவிச் செஞ்ச மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்துல 1853லயே லிவீவ் ஊர் ஆஸ்பத்திரியில ராத்திரி ஆபரேஷன் நடந்திருக்கு.

சரி, மஞ்சள் வெளிச்சம் எங்கிருந்து வருது? கரியில இருந்து! எண்ணெய் ஆவி முழுசா எரியாம பொடிப்பொடி கரித்துகளா மாறி அந்தத் துகள் சூட்டுல பழுத்து ஒளிருது, சுடருக்குள்ள ஒரு ஸ்பூனைக் காட்டினா கறுப்பா படியுதுல்ல அதேதான். அந்தக் கரி சுடரோட ஓரத்துல காத்து கிடைச்சு எரிஞ்சுட்டா வெளிச்சத்தோட முடிஞ்சுது, காத்து பத்தலைன்னா புகையா கிளம்பி கண்ணாடியில அப்பிக்கும். திரியை ரொம்ப ஏத்தினா சிம்னி கறுத்துப்போறதும், சாயங்காலம் ஆனா சாம்பல் போட்டு அதைத் துடைச்சதும், திரியை நேரா கத்தரிச்சு விட்டதும் இதனாலதான்.

அந்தக் கண்ணாடி காத்தைத் தடுக்க மட்டும் இல்லை. உள்ள சூடான காத்து மேல போகப்போக கீழ இருந்து புதுக்காத்து இழுபட்டு வரும், சுடருக்கு ஆக்சிஜன் நிறைய கிடைக்கும், ஆடாம எரியும். அரிக்கேன் லைட்ல ரெண்டு பக்கமும் தகரக் குழாய் இருக்கும்ல, பல பேர் அதை வெறும் சட்டம்னு நினைச்சுட்டாங்க. மேல இருந்து காத்து அது வழியா இறங்கித்தான் சுடருக்குப் போகுது, வெளிக்காத்து நேரா மோதாது, அதனாலதான் ராத்திரி வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போறப்பவும் அணையாம கூட வந்துச்சு. அமெரிக்காவுல 1860கள் கடைசியில ஜான் இர்வின் கொண்டுவந்த யோசனை இது, எனக்கு இந்த வரிசையில ரொம்பப் பிடிச்சதும் இதுதான்.

பெட்ரோமாக்ஸ் கதையே வேற. அது கரியை நம்பலை. பம்ப் அடிச்சா டேங்க்ல அழுத்தம் ஏறும், மண்ணெண்ணெய் குழாய்ல மேல போய் சூட்டுல ஆவியாகி ஊசிமுனை ஓட்டை வழியா பீச்சும், போறப்பவே காத்தையும் இழுத்துக் கலந்துக்கும். அப்படி எரியுற சுடர் நீலம், சூடு ஜாஸ்தி, வெளிச்சம் கம்மி. வெளிச்சம் தர்றது மேண்டில். தோரியம், சீரியம் உப்புல ஊறவெச்ச துணிப்பை அது, முதல் தடவை பத்தவெச்சதும் துணி எரிஞ்சுபோய் ஆக்சைடு கூடு மட்டும் நிக்கும், விரல் பட்டாலே உதிர்றது அதனாலதான். ஆஸ்திரியாவோட கார்ல் ஆவர் 1891ல கண்டுபிடிச்ச கலவை 99% தோரியம் ஆக்சைடு, 1% சீரியம் ஆக்சைடு. இது வெப்பக்கதிரா சக்தியை அதிகம் விடாது, அதனால பயங்கரமா சூடேறி வெள்ளையா ஒளிரும்.

தோரியத்துக்கு மோனசைட் மணல் வேணும். நம்ம பக்கத்துல இருந்து ஜெர்மனிக்குப் போன கயித்துல ஒட்டியிருந்த மணல்ல அதைப் பார்த்துட்டுத்தான் ஷோம்பர்க்ங்கிற ஜெர்மன்காரர் தேடி வந்தார். அப்போ திருவிதாங்கூர்ல இருந்த, இப்போ கன்னியாகுமரி மாவட்டத்துல இருக்குற மணவாளக்குறிச்சியில 1910 வாக்குல மணல் பிரிக்கிற வேலை ஆரம்பிச்சு, அது மேண்டில் செய்ய ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறுச்சு. தோரியத்துல கதிர்வீச்சு உண்டுங்கிறதால இப்போ நிறைய கம்பெனி அதை விட்டுட்டு இட்ரியம் போட்டு மேண்டில் செய்றாங்க.