அப்பா எழுதாத ஆறு கட்டுரைகள்

ஊட்டியில் ஜூன் பிறந்துவிட்டால் கல்லூரி நூலகருக்கு இரண்டு வேலை கூடிவிடும். ஒன்று, ஈரத்தில் பூசணம் பிடித்த புத்தகங்களைத் துடைத்து அடுக்குவது. இன்னொன்று, பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் ஆசிரியர்களின் கட்டுரைப் பட்டியலைச் சரிபார்த்துக் கொடுப்பது. முதல் வேலைக்குத் துணியும் ஹீட்டரும் போதும். இரண்டாவதற்கு நிறையப் பொறுமை வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் தாவரவியல் பேராசிரியை ஒருவர் கையில் ஒரு தாளோடு வந்தார். சோலைக்காட்டுக் காளான்களைப் பற்றி இருபது வருடமாக எழுதிவருபவர். ஒரு தேர்வுக் குழு அவருடைய ஹெச்-இண்டெக்ஸ் (ஒருவரின் கட்டுரைகளைப் பிறர் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்று காட்டும் எண்) 4 என்று குறித்து, "ஆராய்ச்சித் தாக்கம் குறைவு" என்று எழுதியிருந்தது. "சார், நான் இவ்வளவுதானா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் தாளை அவர் மடித்த விதத்தில் கோபம் தெரிந்தது.

ஸ்கோப்பஸ் என்ற ஆராய்ச்சிக் கட்டுரைத் தரவுத்தளத்தைத் திறந்து தேடினோம். ஒரே ஆள் அங்கே மூன்று பேராக இருந்தார்.

இது தமிழ்ப் பெயரின் சிக்கல். மல்லிகா என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா கிருஷ்ணன், கணவர் ரவி. பிஎச்டி காலத்தில் கே. மல்லிகா. கல்யாணத்துக்குப் பிறகு ஆர். மல்லிகா. பாஸ்போர்ட்டில் மல்லிகா கிருஷ்ணன். வெளிநாட்டுப் பத்திரிகை கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு "கிருஷ்ணன், எம்." என்று அச்சிடும். இந்த மூன்றும் ஒரே ஆள் என்று தரவுத்தளத்துக்கு எப்படித் தெரியும்? நம் பேராசிரியைக்கும் இதேதான் நடந்திருந்தது. இப்போதைய இனிஷியலில் இருந்த கணக்கில் ஹெச்-இண்டெக்ஸ் 4, பழைய இனிஷியலில் 6, அப்பாவின் பெயரில் ஆறு கட்டுரைகளோடு 5. குழு பார்த்தது முதல் கணக்கை மட்டும்.

இந்தக் குழப்பம் பெரிய ஆட்களையும் விட்டதில்லை. எஸ். சந்திரசேகர் என்ற பெயரில் இயற்பியலில் இரண்டு பெரிய விஞ்ஞானிகள் உண்டு. ஒருவர் 1983இல் நோபல் பெற்ற வானியற்பியலாளர், சர் சி.வி. ராமனின் அண்ணன் மகன். இன்னொருவர் பெங்களூரில் திரவப் படிகங்களை ஆராய்ந்தவர். தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாக அடுக்கிக்கொள்ளும் என்று 1977இல் சக ஆய்வாளர்களோடு காட்டியவர். அவர் ராமனின் சகோதரி மகன். ஒரே குடும்பம், ஒரே இனிஷியல், ஒரே பெயர். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் எவருடைய கட்டுரை எவர் தலையில் விழும் என்று சொல்லவா வேண்டும்?

அதனால் ஆராய்ச்சியில் காலெடுத்து வைக்கும் எந்த மாணவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: இனிஷியலை முன்னால் போடுவதா, விரித்து எழுதுவதா என்று முதல் பேப்பருக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள், அப்புறம் மாற்றாதீர்கள். கூடவே ஆர்க்கிட் (ORCID) என்ற ஆராய்ச்சியாளர் அடையாள எண் எடுத்துக்கொள்ளுங்கள். 16 இலக்கம், காசு கிடையாது, 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெயர் மாறலாம், கல்லூரி மாறலாம், அந்த எண் மாறாது.

தலைகீழ்க் கதையும் உண்டு. வேதியியல் ஆசிரியர் ஒருவரின் கூகுள் ஸ்காலர் பக்கத்தில் 140 கட்டுரைகள் இருந்தன. பாதிக்குமேல் மூட்டு அறுவை சிகிச்சையைப் பற்றியவை. அதே பெயருள்ள ஏதோ ஒரு டாக்டரின் உழைப்பு. "கம்ப்யூட்டரே சேர்த்தது சார், நான் கை வைக்கவில்லை" என்றார். உண்மைதான், புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி அதில் இருக்கிறது. ஆனால் நீக்கும் வசதியும் இருக்கிறதே! மூன்று வருடமாக அதை அவர் பார்க்காமல் இருந்தது எப்படி என்று நான் கேட்கவில்லை.

சரி, எண்ணுக்கு வருவோம். ஹெச்-இண்டெக்ஸை 2005இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற அமெரிக்க இயற்பியலாளர். கணக்கு எளிது. ஒருவருடைய ஐந்து கட்டுரைகளைப் பிறர் முறையே 40, 12, 6, 3, 1 தடவை மேற்கோள் காட்டியிருந்தால் அவருடைய ஹெச் 3. மூன்று கட்டுரைகளுக்குக் குறைந்தது மும்மூன்று மேற்கோள் இருக்கிறது. நான்குக்கு நான்கு இல்லை. முதல் கட்டுரைக்கு 40 வந்தாலும் 4,000 வந்தாலும் ஹெச் அதே 3தான். ஒரே ஒரு கட்டுரையால் உலகத்தைப் புரட்டிப்போட்டவருக்கு இந்த அளவுகோல் 1 கொடுத்து அனுப்பிவிடும். இந்த எண் துறைக்குத் துறை மாறுபடும் என்று ஹிர்ஷே தன் 2005 கட்டுரையில் எச்சரித்திருக்கிறார். எண்ணை எடுத்துக்கொண்டவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

ஒரு துறைக்காரரை இன்னொரு துறைக்காரரோடு ஒப்பிட்டால் என்ன ஆகும்? எங்கள் மலையை ஒரு சுற்று வந்தாலே தெரியும். முத்தோரையில் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஒரு இடிமேகத்துக்குள் சுமார் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததைக் கணக்கிட்டு 2019இல் வெளியிட்டது அந்தக் குழு. இந்த மாதிரி இயற்பியலில் ஆசிரியர் பட்டியலே ஊர்வலம் மாதிரி நீளும். ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றிய 2015ஆம் ஆண்டுக் கட்டுரையில் 5,154 பேர் கையெழுத்து. அத்தனை பேர் கணக்கிலும் அந்த மேற்கோள்கள் முழுசாக ஏறும்.

அதே முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் உண்டு. 1961இல் நீலகிரி உருளைக்கிழங்கு வேர்களில் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தாங்கி வளரும் குஃப்ரி சுவர்ணா ரகம் பிறகு வந்தது. கேத்தியில் அதை நட்டு அறுவடை செய்யும் விவசாயி அடிக்குறிப்பு போடுவதில்லை. ரகத்தை உருவாக்கியவரின் உழைப்பு மண்டிக்குப் போய்ச் சேரும். மேற்கோள் கணக்குக்கு வராது.

1930களில் எமனோ என்ற மொழியியலாளர் நீலகிரிக்கு வந்து, தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டுக் கேட்டு எழுதினார். பிறகு பர்ரோ என்ற இன்னொரு மொழியியலாளருடன் சேர்ந்து திராவிட வேர்ச்சொல் அகராதியை 1961இல் கொண்டுவந்தார். அகராதியைத் தினமும் புரட்டுகிறோம்; அதை மேற்கோள் காட்டும் புத்தகங்களில் பெரும்பாலானவை இந்தத் தரவுத்தளங்களில் இல்லை. எங்கள் கல்லூரித் தமிழ்த்துறைப் பேராசிரியர்களின் ஹெச்-இண்டெக்ஸ் கட்டமே காலியாக இருப்பதற்கும் இதுதான் காரணம். அவர்கள் எழுதவில்லை என்பதல்ல, எழுதிய இடத்துக்கு அந்தக் கணக்குப்பிள்ளை போகவில்லை.

குறிஞ்சி நினைவுக்கு வருகிறது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030. அந்தச் செடியை ஆராய்பவருக்கு அடுத்த தரவு கிடைக்கவே 12 வருடம் வேண்டும். பத்திரிகைகளின் இம்பாக்ட் ஃபேக்டரோ முந்தைய இரண்டு வருடங்களின் கட்டுரைகளுக்கு இந்த வருடம் எத்தனை மேற்கோள் வந்தது என்று பார்த்து வகுத்துச் சொல்லும் சராசரி. மேலும் அது பத்திரிகையின் சராசரி, உங்கள் கட்டுரையின் மதிப்பெண் அல்ல. இன்னொரு வேடிக்கை: குறிஞ்சியின் அறிவியல் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் நீஸ் என்று ஒரு பெயர் வரும். அதை முதலில் விவரித்த ஜெர்மன் தாவரவியலாளர் அவர். உலகில் எவர் அந்தப் பெயரை முழுசாக எழுதினாலும் அவர் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும். ஆனால் எந்தத் தரவுத்தளமும் அதை ஒரு மேற்கோளாக எண்ணுவதில்லை. மலைக்கு இந்தப் பக்கம் நீஸ் என்றால் கொடைக்கானலில் எவர்ஷெட். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் கண்டு, வானாய்வகத்தின் சொந்த வெளியீட்டில் எழுதினார். இன்று "எவர்ஷெட் விளைவு" என்று சொல்லிவிட்டு அடிக்குறிப்பு இல்லாமலே கடந்துபோகிறார்கள். புகழ் முற்றினால் மேற்கோள் நின்றுவிடும் போல.

தாமதமாக விழித்த கட்டுரையும் உண்டு. மேலே சொன்ன திரவப் படிக சந்திரசேகரின் தம்பி பஞ்சரத்தினம், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தபோது, முனைவுற்ற (போலரைஸ்டு) ஒளியின் கட்டத்தை (ஃபேஸ்) பற்றி 1956இல் இந்திய அறிவியல் அகாதமியின் பத்திரிகையில் எழுதினார். 1984இல் மைக்கேல் பெர்ரி என்ற இயற்பியலாளர் குவாண்டம் இயற்பியலில் இதே மாதிரியான விஷயத்தைச் சொன்ன பிறகுதான் உலகம் அதைத் தேடிப் படித்தது. பஞ்சரத்தினம் 1969இலேயே இறந்துவிட்டார்.

அப்படியானால் பல துறைகளில் எழுதும் ஒருவரை எப்படிப் பார்ப்பது? என் வழக்கம் இது. மொத்த எண்ணைப் பார்ப்பதற்கு முன், மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைத் திறப்பேன். வானியற்பியல் சந்திரசேகர் 1943இல் தற்செயல் இயக்கங்களின் கணிதத்தைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவர் மனதில் இருந்தவற்றில் நட்சத்திரங்களும் உண்டு. அதைப் பிற்காலத்தில் எடுத்தாண்டவர்களில் வேதியியலாளர்களும் உயிரியலாளர்களும் இருந்தார்கள். ஒரு வேலை துறை தாண்டுவது என்றால் இதுதான்: முன்பின் அறியாதவர்கள், தங்கள் பிரச்சினைக்காக வந்து எடுத்துக்கொள்வது. ஒரே வருடத்தில் தேயிலை மண், நானோ துகள், புற்றுநோய், செயற்கை நுண்ணறிவு என்று அறுபது பேப்பர் போட்டு, மேற்கோள் காட்டியவர்களும் அதே பத்துப் பேராக இருந்தால் நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பேன். தன் மேற்கோளை, அதாவது ஒருவர் தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதை, கழித்துப் பார்க்க ஸ்கோப்பஸில் வழி இருக்கிறது. கழித்தால் சிலருடைய எண் வெயில் பட்ட பனி மாதிரி இறங்கும்.

துறை வாரியாகச் சமன் செய்யும் கணக்கும் உண்டு. ஒரு கணிதக் கட்டுரைக்கு 10 மேற்கோள், அதே வயதுள்ள கணிதக் கட்டுரைகளின் சராசரி 4 என்று வைத்துக்கொண்டால் மதிப்பு 2.5. ஒரு மூலக்கூறு உயிரியல் கட்டுரைக்கு 30, சராசரி 40 என்றால் 0.75. பத்து வாங்கியவர் முப்பது வாங்கியவரை முந்திவிட்டார். வருடா வருடம் செய்தித்தாளில் வரும் "உலகின் 2 சதவீத விஞ்ஞானிகள்" பட்டியல்கூடத் துறை பிரித்துத்தான் போடப்படுகிறது. 22 துறை, 174 உட்பிரிவு. அதில் ஒருவர் பெயர் வந்தால் அவருடைய உட்பிரிவில் எந்த இடம், தன் மேற்கோள் நீங்கலாகவும் அந்த இடம் நிற்கிறதா என்று பாருங்கள். வாழ்நாள் பட்டியல் வேறு, ஒரு வருடப் பட்டியல் வேறு. ஃப்ளெக்ஸ் அடிப்பவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

வாட்ஸப்பில் "மூன்றே நாளில் வெளியீடு, இம்பாக்ட் ஃபேக்டர் உண்டு" என்று வரும் விளம்பரங்களைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. அந்த இம்பாக்ட் ஃபேக்டரை யார் கணக்கிட்டது என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வராது.

காளான் பேராசிரியையின் மூன்று கணக்குகளையும் ஒன்றாக்கச் சொல்லி ஸ்கோப்பஸுக்கு விண்ணப்பித்தோம். சில வாரம் ஆனது. ஹெச் 9 வந்தது. பட்டியலோடு, அவருடைய உட்துறையில் இந்த எண் என்ன பொருள்படும் என்று ஒரு பக்கக் குறிப்பும் சேர்த்து அனுப்பினேன். எண்ணை விட அந்தப் பக்கத்தைத்தான் குழு அதிக நேரம் படித்தது என்று பிறகு சொன்னார்.

ஒன்றாக்குவதற்கு முந்தைய நாள், தன் அப்பா பெயரில் இருந்த கணக்கை மொபைலில் அவரிடம் காட்டினாராம். அருவங்காட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தலைப்பாக விரலால் தள்ளிப் பார்த்தவர், "ஏம்மா, நான் என்னத்தைப் பத்தி எழுதியிருக்கேன்?" என்று கேட்டாராம்.

"காளானைப் பத்திப்பா."

"பரவாயில்லையே" என்றாராம்.