துணை ராணுவமா, ஒட்டுப்படையா? 'பாராமிலிட்டரி' – ஒரு சொல் விளக்கம்

கொலம்பியாவைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் 'துணை ராணுவம்' என்ற சொல் குறுக்கே வந்து நிற்கிறது. 2024 ஜூனில் அமெரிக்காவின் ஃபுளோரிடா நீதிமன்றம் ஒன்றில் சிக்கிட்டா வாழைப்பழ நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பு வந்தபோதும் அதே கதைதான். நிறுவனம் கொலம்பியத் 'துணை ராணுவத்துக்கு'ப் பணம் கொடுத்ததாம். அந்தத் 'துணை ராணுவம்' கொன்ற 8 பேரின் குடும்பங்களுக்கு 3.83 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டுமாம். இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர் என்ன நினைப்பார்? நமக்குத் துணை ராணுவம் என்றால் சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., விமான நிலைய வாசலில் நிற்கும் சி.ஐ.எஸ்.எஃப். தேர்தல் அறிவித்ததும் நம் தெருக்களில் கொடி அணிவகுப்பு நடத்துகிறவர்கள். சீருடையும் துப்பாக்கியும் சம்பளமும் அரசு கொடுப்பது. அப்படியென்றால் ஒரு வாழைப்பழக் கம்பெனி கொலம்பிய அரசின் படைப்பிரிவு ஒன்றுக்கு லஞ்சம் கொடுத்து மாட்டிக்கொண்டது என்றுதான் அவர் புரிந்துகொள்வார்.

நடந்தது அதுவல்ல. பணம் வாங்கியது ஏயூசி. 'கொலம்பிய ஐக்கியத் தற்காப்புப் படைகள்' என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்ட கூட்டமைப்பு. கொலம்பியச் சட்டப்படியே குற்றவாளிகள். பெருநிலக்காரர்களும் கொக்கைன் வியாபாரிகளும் தீனி போட்டு வளர்த்த படை. இதையும் சி.ஆர்.பி.எஃப்.பையும் ஒரே சொல்லால் குறிப்பது மொழிபெயர்ப்புச் சோம்பல் மட்டுமல்ல, செய்தியையே தலைகீழாக்குவது.

சொல்லின் வேர் சிக்கலானது அல்ல. கிரேக்கத்தில் 'பாரா' என்றால் அருகில், பக்கத்தில். லத்தீனில் 'மீலெஸ்' என்றால் போர்வீரன், அதிலிருந்து 'மிலிட்டரி'. இரண்டையும் ஒட்டி 1930களில் ஆங்கிலத்தில் 'பாராமிலிட்டரி' புழக்கத்துக்கு வந்தது. ராணுவம் மாதிரி அமைப்பும் ஆயுதமும் கொண்டது, ஆனால் ராணுவம் அல்ல, அவ்வளவுதான் பொருள். அரசின் படையா, அரசுக்கு வெளியே இருக்கும் படையா என்பதைச் சொல் சொல்வதில்லை. ஸ்பானிய மொழியில் 'பாராமிலிட்டார்'. கொலம்பியக் கிராமத்தார் சுருக்கமாக 'பாராஸ்' என்பார்கள். வெறுப்போடு சொன்னால் 'பாராகோஸ்'.

ஆங்கிலத்தில் இரண்டு பக்கமும் சாயக்கூடிய இந்தச் சொல்லை இந்தியாவில் அரசுப் படைகளுக்கு மட்டும் வைத்துப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தில் பிறந்ததுதான் 'துணை ராணுவம்'. இத்தனைக்கும் 2011இலேயே மத்திய உள்துறை அமைச்சகம் இந்தப் படைகளைப் 'பாராமிலிட்டரி' என்று சொல்ல வேண்டாம், 'மத்திய ஆயுதக் காவல் படைகள்' என்று சொல்லுங்கள் என்று முடிவெடுத்துவிட்டது. நம் செய்தி அறைகள் மட்டும் இன்னும் விடவில்லை. சரி, உள்ளூர்ச் செய்தியில் யாருக்கும் குழப்பம் வராது, போகட்டும். கொலம்பியாவுக்கு ஏன் அதைக் கொண்டுபோக வேண்டும்?

கொலம்பியாவில் இந்தப் படைகள் எப்படி வந்தன என்று தெரிந்தால்தான் சொல்லை எடைபோட முடியும். மண்ணுக்குள் நிலக்கரி, எண்ணெய், தங்கம், நிக்கல், உலகின் மிகச் சிறந்த மரகதம். மண்ணுக்கு மேலே காப்பி, வாழை, எண்ணெய்ப்பனை, மாட்டுப் பண்ணை. இவ்வளவு வளம் உள்ள நாட்டில் அரசின் கை எட்டாத மாவட்டங்கள் ஏராளம். 1964இல் ஃபார்க், இ.எல்.என். என்ற இடதுசாரி கெரில்லா இயக்கங்கள் தோன்றின. 1968இன் 48ஆம் எண் சட்டம், ராணுவம் மட்டுமே வைத்திருக்கக்கூடிய ஆயுதங்களைப் பொதுமக்களிடம் கொடுக்க வழி திறந்தது. அந்த ஓட்டைக்குள் முதலில் நுழைந்தவர்கள் பண்ணையார்கள். பின்னால் வந்தவர்கள் கொக்கைன் முதலாளிகள். 1981இல் எம்-19 கெரில்லாக்கள் மெதயீன் நகரின் ஓச்சோவா குடும்பத்துப் பெண்ணைக் கடத்தியதும், கடத்தல் முதலாளிகள் கூடி 'ஆள்கடத்துவோருக்கு மரணம்' என்ற பெயரில் ஒரு கொலைப்படையைத் தொடங்கினார்கள். மரகத வியாபாரத்திலிருந்து கொக்கைனுக்கு வந்த ரோட்ரிகெஸ் காச்சா போன்றவர்கள் பணத்தைக் கொட்டினார்கள்.

1989 ஜனவரியில் லா ரோச்செலா என்ற இடத்தில் இந்தப் படையினர், கொலைகளை விசாரிக்கப் போன நீதித்துறைக் குழுவில் 12 பேரைக் கொன்றார்கள். அந்த ஆண்டே உச்ச நீதிமன்றம் 1968 சட்டத்தின் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது; இப்படிப்பட்ட படைகளை அமைப்பது குற்றம் என்று அரசும் ஆணை போட்டது. ஆக, 1989க்குப் பிறகு இவை சட்டப்படியான படைகள் அல்ல. ஆனால் அவை அதற்கப்புறம்தான் பெருத்தன. 1997இல் கார்லோஸ் காஸ்தான்யோ தலைமையில் வட்டாரப் படைகள் ஒன்றாகி ஏயூசி ஆனது. தங்கள் வருமானத்தில் 70 சதவீதம் போதைப்பொருளிலிருந்து வருகிறது என்று 2000இல் காஸ்தான்யோவே தொலைக்காட்சியில் சொன்னார்.

ஊராபா வளைகுடாவை மட்டும் எடுத்துக்கொள்வோம். வாழைத் தோட்டங்கள் கடற்கரை வரை பரந்து கிடக்கும் பகுதி. வாழைத்தார் ஏறும் அதே கரை, கொக்கைன் வெளியேறும் கரையும்கூட. 2001 நவம்பரில் நிகராகுவாவிலிருந்து 'ஓட்டர்லூ' என்ற கப்பலில் சுமார் 3,000 ஏகே-47 துப்பாக்கிகள் வந்தன. அவை இறங்கியது துர்போவில், சிக்கிட்டாவின் துணை நிறுவனம் நடத்திய துறையில். போய்ச் சேர்ந்தது ஏயூசி கையில். 1997 முதல் 2004 வரை ஏயூசிக்கு 17 லட்சம் டாலர் கொடுத்ததை சிக்கிட்டா 2007இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு இரண்டரைக் கோடி டாலர் அபராதம் கட்டியது. 2001 செப்டம்பரிலேயே அமெரிக்கா ஏயூசியைப் பயங்கரவாத அமைப்பாக அறிவித்துவிட்டதால்தான் அந்தப் பணம் அமெரிக்கச் சட்டப்படியே குற்றமானது. இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பணம் வாங்கியவர்கள் 'துணை ராணுவத்தினர்' என்று எழுதினால், வழக்கு எதற்காக நடந்தது என்பதே வாசகனுக்குப் புரியாது.

'துணை' என்ற சொல்லின் குணத்தையும் பார்க்க வேண்டும். துணைவேந்தர், துணை ஆட்சியர் என்றால் மேலே ஒருவர் முறையாக நியமித்த பதவி. வழித்துணை, 'முருகன் துணை' என்றால் நம்பிக்கை. பழைய வழக்கிலும் அப்படித்தான். திருக்குறளின் படைமாட்சிக்கு உரை எழுதும் பரிமேலழகர் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று ஆறு வகை சொல்கிறார். அதில் துணைப்படை என்பது நட்பு அரசனின் படை. எப்படிப் பார்த்தாலும் 'துணை'யில் ஒரு மரியாதையும் ஒரு சட்டபூர்வமும் ஒட்டியிருக்கிறது. தலைமறைவாக இருந்துகொண்டு மோட்டார் ரம்பத்தால் ஆட்களை அறுத்த கூட்டத்துக்கு அந்த மரியாதையை நாம் ஏன் தர வேண்டும்?

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. 'இவர்கள் உண்மையிலேயே ராணுவத்துக்குத் துணையாகத்தானே இருந்தார்கள்?' என்று கேட்பார்கள். அது பொய்யில்லை. 1997 ஜூலையில் மாப்பிரிப்பான் என்ற ஊரில் படுகொலை செய்ய ஏயூசி ஆட்கள் ஊராபாவிலிருந்து விமானத்தில் வந்து, ராணுவம் காவல் இருந்த சான் ஹோசே தெல் குவாவியாரே விமான நிலையத்தில் இறங்கினார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. 2005இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் கொலம்பிய அரசையே பொறுப்பாக்கியது. அப்போது ராணுவத்தில் ஐந்து டிவிஷன்கள் இருந்தன. மக்கள் இவர்களை 'ஆறாவது டிவிஷன்' என்றார்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2001இல் தன் அறிக்கைக்கு அதையே தலைப்பாக வைத்தது.

ஆனால் இந்த உறவு ஒரு குற்றச்சாட்டு. சாட்சி வைத்து, வழக்கு நடத்தி நிறுவ வேண்டியிருந்த குற்றச்சாட்டு. அரசு நீண்ட காலம் மறுத்த உறவு அது. 'துணை ராணுவம்' என்று எழுதும்போது அந்தக் கள்ள உறவு கள்ளத்தனம் இழந்து நிர்வாக ஏற்பாடு ஆகிவிடுகிறது. 2022இல் வெளிவந்த கொலம்பிய உண்மை ஆணையத்தின் அறிக்கையைப் பாருங்கள். 1985 முதல் 2018 வரை போரில் கொல்லப்பட்டவர்கள் குறைந்தது நாலரை லட்சம் பேர். அதில் 45 சதவீதம் 'பாராமிலிட்டரி' செய்தது, ஃபார்க் 21, அரசுப் படையினர் 12 சதவீதம். இதைத் 'துணை ராணுவம் 45, அரசுப் படை 12' என்று தமிழில் எழுதினால் வாசகன் இரண்டையும் கூட்டி 57 என்பான், அல்லது துணை ராணுவம் ஏன் அரசுப் படைக் கணக்கில் வரவில்லை என்று குழம்புவான். கூட்டலாமா கூடாதா என்று கொலம்பியர்களே வாதிட்டுக்கொண்டிருக்கும் கணக்கு அது. மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லில் தீர்ப்பெழுதக் கூடாது.

சரி, வேறு என்ன சொல்லலாம்? 'கூலிப்படை' என்று சிலர் எழுதுகிறார்கள். நம் செய்திகளில் கூலிப்படை என்றால் காசு வாங்கிக்கொண்டு ஆளை வெட்டும் கும்பல். போர்ச் செய்தியில் வெளிநாட்டுக்குச் சண்டை போடப் போகிறவர்கள். ஏயூசித் தலைவர்கள் கூலிக்காரர்கள் அல்ல, முதலாளிகள். நிலம் பிடுங்கினார்கள், மேயரையும் நாடாளுமன்ற உறுப்பினரையும் கையில் வைத்திருந்தார்கள். 'தனிப்படை' பொருத்தமாகத் தோன்றும். ஆனால் 'தனிப்படை அமைத்துப் போலீசார் தேடி வருகின்றனர்' என்று தினம் படிக்கிறோமே, அது நடக்காது. 'ஆயுதக்குழு' தப்பில்லை, ஆனால் ஃபார்க்கும் ஆயுதக்குழுதான். யார் யாருக்கு எதிராக நின்றார்கள் என்பது கரைந்துபோகும். 'தற்காப்புப் படை' இருப்பதிலேயே மோசம், அது கொலைகாரர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பட்டம். 'ராணுவம்' தமிழா என்று கேட்டு 'துணைப்படையம்' என்று திருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். வேர் தூய்மையாகிவிடும், பொருள் அதே தப்பில் நிற்கும். எனக்குத் தெளிவு முதலில், தூய்மை அப்புறம்.

என் பரிந்துரை 'ஒட்டுப்படை'. காற்றிலிருந்து பிடித்த சொல் அல்ல. 'பாரா'வைத் தமிழ் ஏற்கெனவே மூன்று விதமாகக் கையாண்டிருக்கிறது. 'பாராமெடிக்கல்' துணை மருத்துவம் ஆனது. மருத்துவருக்கு உதவுகிறவர்கள், சரி. 'பாரலல்' இணை ஆனது, இணைகோடு, அதுவும் சரி. 'பாரசைட்' மட்டும் ஒட்டுண்ணி. கிரேக்கத்தில் அதன் பொருள் இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து தின்பவன். ஒட்டி உண்பது என்று அச்சு அசலாகத் தமிழாக்கியவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ராணுவத்தை ஒட்டி நின்று, வாழையிலும் மாட்டுப் பண்ணையிலும் தங்கச் சுரங்கத்திலும் கொக்கைன் தரும் கோக்கா வயலிலும் உறிஞ்சிப் பெருத்த படைக்கு இதைவிடப் பொருத்தமான 'பாரா' கிடைக்காது.

ஈழத்தில் இதன் உறவுச்சொல் புழக்கத்திலேயே இருந்தது. போர்க்காலத்தில் இலங்கை ராணுவத்தோடு சேர்ந்து இயங்கிய தமிழ் ஆயுதக் குழுக்களை 'ஒட்டுக்குழு' என்று எழுதினார்கள். அதில் வசை இருந்தது, ஒரு தரப்பின் சொல்லாக இருந்தது, மறுக்கவில்லை. அதனால்தான் 'குழு'வை விட்டுப் 'படை'யை வைக்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு: ஏயூசி சீருடையும் பதவி வரிசையும் கொண்டது, 2003 முதல் 2006 வரை ஆயுதத்தை ஒப்படைத்தவர்களே 30,000 பேருக்கு மேல். அது குழு அல்ல. முதல் முறை எழுதும்போது 'ராணுவத்தை ஒட்டி இயங்கிய சட்டவிரோத ஒட்டுப்படை' என்று ஒரு அடைமொழி போட்டுவிட்டால் போதும், பிறகு தனியாகவே நிற்கும்.

எல்லா நாட்டுக்கும் இதைப் பூசச் சொல்லவில்லை. சூடானில் தங்கத்தின் மீது உட்கார்ந்திருக்கும் ஆர்.எஸ்.எஃப். என்ற 'விரைவு ஆதரவுப் படை' 2017இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே அங்கீகாரம் பெற்ற படை. அப்போது அதைத் துணை ராணுவம் என்றது நியாயம். 2023 ஏப்ரலில் ராணுவத்தோடே போருக்கு இறங்கிய பிறகு துணையும் இல்லை, ஒட்டும் இல்லை, பெயரைச் சொல்லி எழுதுவதே மேல். ஒவ்வொரு படைக்கும் யார் சம்பளம் தருகிறார்கள், எந்தச் சட்டம் இடம் தருகிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டுச் சொல்லைத் தேர்ந்தால் முக்கால்வாசித் தப்பு குறையும்.

இந்தக் கேள்விகளைக் கேட்க நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு நேரம் தரப்படுவதில்லை. ஆங்கில ஏஜென்சிச் செய்தி வருகிறது, அரை மணியில் தமிழாகிறது. அதன் விளைவு ஒரு சொல்லோடு நிற்பதில்லை. கொலம்பியாவில் 'வாக்குனா' என்றால் தடுப்பூசி. ஆனால் ஆயுதக்காரர்கள் கடைக்காரரிடமும் லாரிக்காரரிடமும் மாதாமாதம் பிடுங்கும் பணத்துக்கும் அதுதான் பெயர். அதற்குத் தமிழில் 'கப்பம்' என்ற முழுச்சொல் இருக்கும்போது 'பாதுகாப்புக் கட்டணம்' என்று எழுதுகிறார்கள். கட்டணம் என்றால் ரசீது கொடுப்பார்கள். 'ஃபால்சோஸ் பாசித்திவோஸ்' என்பதைத் 'தவறான நேர்மறைகள்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தபோது உண்மையிலேயே வேதனைப்பட்டேன். ராணுவப் பேச்சில் 'பாசித்திவோ' என்றால் எதிரியைக் கொன்ற கணக்கு. கணக்குக் காட்டுவதற்காக ஏழை இளைஞர்களை வேலை தருவதாக அழைத்துப் போய்ச் சுட்டு, கெரில்லா உடை மாட்டிவிட்டார்கள். 2002 முதல் 2008 வரை மட்டும் 6,402 பேர் என்று கொலம்பியாவின் சிறப்பு அமைதி நீதிமன்றம் 2021இல் அறிவித்தது. அதற்குத் தமிழில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் இருக்கிறது: போலி என்கவுன்டர்.