ஆறு மாதமாக யோசித்தும் ஒரு வரிதானா?

இந்த மாதத்தில் மட்டும் இவர் நான்காவது ஆள். உட்கார்ந்ததும் அதே வசனம்: "ஆறு மாசமா ராத்திரி பகலா யோசிக்கிறேன் டாக்டர், ஒரு முடிவும் வரலை." (நான் மருத்துவ உளவியலாளர், மாத்திரை எழுதுகிற டாக்டர் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.)

வழக்கம்போல ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினேன். "பிரச்சினை என்னன்னு ஒரே வரியில எழுதுங்க." மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கடைசியில் எழுதியது: 'ஏன் எனக்கு மட்டும் எப்பவும் இப்படி நடக்குது?' அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆறு மாதத் தூக்கத்தைக் கொடுத்து அவர் வாங்கியது அந்த ஒரு வரிதான். (யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் இது யோசனையே இல்லை. எங்கள் துறையில் இதை அசைபோடுதல் என்போம். மாட்டுக்காவது அசைபோட்டால் செரிக்கும். நாம் அதே நாலு வாக்கியத்தை மெல்லுகிறோம்: அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, அவர் என்ன நினைத்திருப்பார், இனி என்ன ஆகுமோ, ஏன் நான் இப்படி. மண்டை வலிப்பதால் வேலை நடந்ததாக ஒரு பிரமை வேறு. போதாததற்கு, "நான் எதையும் ஆழமாக யோசிக்கிற டைப்" என்று அதில் ஒரு பெருமை! கவலைப்படாதவன் பொறுப்பில்லாதவன் என்று வளர்ந்தவர்களுக்கு இதை விடவே மனசு வராது. விட்டால் துரோகம் செய்ததுபோல இருக்குமாம்.

எது யோசனை என்று பார்க்க ஒரே கேள்வி போதும். அரை மணி நேரம் யோசித்த பிறகு, முன்பு இல்லாத ஏதாவது கையில் இருக்கிறதா? ஒரு தகவல், ஒரு வழி, "இது சரிப்படாது" என்று கழித்துக்கட்டிய ஒரு வழி, யாரிடமாவது கேட்க வேண்டிய ஒரு கேள்வி, இவற்றில் எதுவானாலும் சரி. ஒன்றுமே இல்லை என்றால் நீங்கள் செக்கைச் சுற்றிக்கொண்டிருந்தீர்கள்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. 1989-இல் கலிஃபோர்னியாவை லோமா பிரியெட்டா நிலநடுக்கம் உலுக்கியபோது, சூசன் நோலன்-ஹோக்ஸிமா என்ற உளவியலாளரிடம் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் பலரின் மனநிலை பற்றிய பதிவுகள் ஏற்கனவே இருந்தன. தற்செயலாக அதற்குச் சற்று முன்புதான் சேகரித்திருந்தார். மறுபடி போய்ப் பார்த்தால், முன்பே அசைபோடும் பழக்கம் இருந்தவர்களே நிலநடுக்கத்துக்குப் பிறகு அதிகச் சோர்வில் இருந்தார்கள். மனம் சோர்ந்திருக்கும்போது அசைபோட்டால், பிரச்சினைகளுக்குத் தோன்றும் தீர்வுகளின் தரமும் குறைகிறது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின.

அதனால்தான் தாள். மனசுக்குள் ஒரே நேரத்தில் பிடித்து வைக்க முடிவது ஏறக்குறைய நாலு விஷயங்கள்தான். ஐந்தாவது வந்தால் ஒன்று நழுவும், நழுவியதைத் தேடி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பீர்கள். எழுதுங்கள். செல்போனில் வேண்டாம், அங்கே போனால் எங்கே போவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

எழுதும்போது 'ஏன்' என்று ஆரம்பிக்காதீர்கள். 'என்ன', 'எப்படி', 'யாரிடம்', 'எப்போது' என்று ஆரம்பியுங்கள். அந்த நண்பர் இரண்டாம் முறை வந்தபோது தாளின் பின்பக்கத்தில் இப்படி இருந்தது: 'இடமாற்றத்தை மூன்று மாதம் தள்ளிப்போட முடியுமா என்று மேலதிகாரியிடம் கேட்கணும்.' இன்னும் கேட்கவில்லையாம். பரவாயில்லை, இப்போது அது ஒரு பிரச்சினை. முன்பு வெறும் புலம்பல்.

அடுத்தது, ஒரு முடிவு பிடித்துப்போனால் அதற்குச் சாதகமானதையே தேடுவது. பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960-இல் வெளியிட்ட ஒரு சோதனையை நான் அடிக்கடி விளையாட்டாகச் செய்து காட்டுவேன். 2, 4, 6. இதில் ஒரு விதி இருக்கிறது. நீங்களும் மூன்று எண்கள் சொல்லிச் சோதித்து, விதியைக் கண்டுபிடியுங்கள். எல்லோரும் 8, 10, 12 என்பார்கள். ஆமாம், பொருந்தும். 20, 22, 24? ஆமாம். "அப்போ இரண்டிரண்டா கூடுது!" இல்லை. விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1, 7, 50 என்று ஒரு தடவை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தன் ஊகம் தப்பாக இருக்குமோ என்று சோதிக்க யாருக்கும் கை வருவதில்லை, வெகு சிலரைத் தவிர. வேலையை விடுவதானாலும் உறவை முறிப்பதானாலும், "நான் நினைப்பது தப்பு என்றால் எது அதைக் காட்டும்?" என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதைப் போய்ப் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள்: தினமும் அதே இடத்தில், அதே அரை மணி. மற்ற நேரத்தில் வந்தால் "அப்புறம்" என்று குறித்துவைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். 1983-லேயே சோதித்துப் பார்த்து, பலன் உண்டு என்று கண்ட முறை இது. படுக்கையில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். ராத்திரி மூன்று மணிக்கு ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள், எழுதினாலும் அனுப்பாதீர்கள். பத்துப் பேரிடம் ஆலோசனை கேட்காதீர்கள், அதுவும் அசைபோடுதல்தான், கூட்டமாக.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் தாளும் பேனாவும் போதாது, யாராவது மனநல நிபுணரைப் பாருங்கள். சாகலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் நாள் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள். போய் உட்கார்ந்ததும், "பெருசா ஒண்ணுமில்லை, சும்மா யோசனைதான்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.