பிஎல்சி கற்க நினைக்கும் எலக்ட்ரீஷியன்களுக்கு: பணத்தை எடுப்பதற்கு முன்

"எந்த கோர்ஸில் சேரலாம், எந்த கம்பெனி பிஎல்சி வாங்கலாம்?" பேனல் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். பிஎல்சி என்பது ரிலேக்களுக்குப் பதிலாகப் புரோகிராம் மூலம் மெஷினை இயக்கும் சின்ன கம்ப்யூட்டர். இப்போதைக்கு இரண்டுக்கும் பணம் செலவழிக்காதீர்கள் என்பேன். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரின் கன்ட்ரோல் டிராயிங்கை வைத்து ஃபால்ட் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு பிஎல்சியில் பாதி ஏற்கெனவே தெரியும். 1968-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ரிலே பேனல்களுக்கு மாற்று கேட்டதிலிருந்து வளர்ந்ததுதான் இந்தக் கருவி. ரிலே டிராயிங் படிப்பவர்களுக்குப் புரிய வேண்டும் என்றுதான் பிஎல்சிக்குப் புரோகிராம் எழுதும் லேடர் மொழியும் அதே சாயலில் அமைந்தது.

ஒரு பழைய கம்ப்யூட்டர் போதும். கோடெசிஸ் மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பிஎல்சி இல்லாமலே அதில் சிமுலேஷன் ஓட்டலாம். ஓபன்பிஎல்சியும் இலவசம்தான். பிஎல்சி மொழிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 61131-3-ல் வரும் மொழிகளை இவற்றில் பழகிவிட்டால் வேறு கம்பெனிக்கு மாறும்போது பெரும்பாலும் பெயர்களும் மெனுக்களும்தான் மாறும். திருட்டு லைசென்ஸ் போட்ட மென்பொருள் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதோடு வைரஸும் வரலாம். அதே லேப்டாப்பை நாளைக்கு ஒரு ஆலையின் மெஷினில் செருகப்போகிறீர்கள்.

முதல் பயிற்சி, சாதாரண ஸ்டார்ட்-ஸ்டாப். இதில் கொஞ்சம் நின்று நிதானியுங்கள், ஏனென்றால் அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்களே தடுமாறும் இடம் இது. ஸ்டாப் பட்டனை என்சியாக (அமுக்காதபோது இணைந்திருக்கும் வகை) வயரிங் செய்வோம், சரி. அப்படியானால் லேடரிலும் என்சி காண்டாக்ட்தானே போட வேண்டும்? இல்லை. பட்டனை அமுக்காத வரை அந்த இன்புட்டுக்கு 24 வோல்ட் வந்துகொண்டே இருக்கும், அதாவது நிலை 1. எனவே புரோகிராமில் என்ஓ (சாதாரணமாகப் பிரிந்திருந்து, 1 வந்தால் இணையும்) காண்டாக்ட் போட்டால்தான் சாதாரண நேரத்தில் வழி இணைந்திருக்கும். வயர் அறுந்தால் இன்புட் 0 ஆகி மோட்டார் நின்றுவிடும். ஸ்டாப்பை என்ஓவாக வயரிங் செய்திருந்தால், அறுந்த வயரோடு மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் நிற்காது. சிமுலேஷனில் எல்லா இன்புட்டும் 0-வில் தொடங்கும் என்பதால் ஸ்டாப்பை முதலில் நீங்களே 1 ஆக்க வேண்டும். மோட்டார் ஓடும்போது அதைத் திரும்ப 0 ஆக்கிப் பாருங்கள். அறுந்த வயர் அதுதான்.

அப்புறம் ஸ்கேன். பிஎல்சி இன்புட்டுகளைப் படிக்கும், புரோகிராமை மேலிருந்து கீழே ஓட்டும், கடைசியில் அவுட்புட்டுகளை எழுதும். ரிலே பேனலில் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். இங்கே வரிசை உண்டு. ஒரே காயிலை (அவுட்புட்டை) இரண்டு ரங்கில் (லேடரின் வரியில்) போட்டால் கீழே உள்ளதே ஜெயிக்கும். மேல் ரங் ஆன் ஆகியிருந்தும் காண்டாக்டர் இழுக்கவில்லை என்றால் முதலில் இதைத் தேடுங்கள்.

பிறகு ஃபார்வர்டு-ரிவர்ஸ், டைமரோடு ஸ்டார்-டெல்டா, இரண்டு பம்பை மாற்றி மாற்றி ஓட்டுவது. ஃபார்வர்டு-ரிவர்ஸுக்குப் புரோகிராமில் இன்டர்லாக் (ஒன்று ஓடும்போது மற்றது ஓடாமல் தடுப்பது) போட்டாலும் காண்டாக்டர்களின் துணைக் காண்டாக்ட் வழியாகவும் போட்டே தீர வேண்டும். ஸ்கேன் சில மில்லிசெகண்டில் முடிந்துவிடும், காண்டாக்டர் விடுபட அதைவிட நேரம் எடுக்கும். காண்டாக்ட் ஒட்டிக்கொண்டாலோ புரோகிராமுக்குத் தெரியவே தெரியாது. எமர்ஜென்சி ஸ்டாப்பும் அப்படித்தான்: சாதாரண பிஎல்சியின் புரோகிராமை நம்பி அதை விடக்கூடாது, வயரிங்கிலேயே சப்ளையை வெட்ட வேண்டும்.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகு ஒரு சின்ன பிஎல்சி வாங்கலாம், செகண்ட்ஹேண்ட் ஆனாலும் பரவாயில்லை. விலையைவிட முக்கியம், அதன் மென்பொருள் இலவசமா, இப்போதுள்ள விண்டோஸில் ஓடுமா, புரோகிராமிங் கேபிள் கிடைக்குமா என்பது. பழைய பிஎல்சி மலிவாகக் கிடைத்தாலும் மென்பொருள் லைசென்ஸ் அதைவிடப் பல மடங்கு ஆகலாம். சென்சார் வாங்கும்போது பிஎன்பியா என்பிஎன்னா (சிக்னலாக பிளஸ் தருவதா மைனஸ் தருவதா) என்பதை இன்புட் வயரிங்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரு 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), நாலு புஷ் பட்டன், நாலு இண்டிகேட்டர் லாம்ப் இருந்தால் மேஜை மேலேயே பழகலாம். மோட்டாரும் மெயின் சப்ளையும் இந்தக் கட்டத்தில் வேண்டாம்.

கோர்ஸில் சேர்வதாக இருந்தால் அதற்கும் பிறகு சேருங்கள். ஒரு பிஎல்சிக்கு எத்தனை பேர், இன்புட் அவுட்புட் வயரிங்கை நாமே செய்ய விடுவார்களா, வேண்டுமென்றே ஃபால்ட் போட்டுக் கண்டுபிடிக்கச் சொல்வார்களா என்று கேட்டுவிட்டே ஃபீஸ் கட்டுங்கள்.