தேன் பீரில் தேன் எங்கே போனது?

பெங்களூர் அல்சூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "இந்திராநகரில் தேன் பீர் என்று வாங்கிக் குடித்தேன். துளிகூட இனிப்பில்லை. தேனே போடாமல் ஏமாற்றுகிறார்களா?"

இனிப்பை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. தேன் கூடக் கூட பீரின் இனிப்பு குறையத்தான் செய்யும். முளைகட்டி உலர்த்திய பார்லியின், அதாவது மால்ட்டின், சாற்றில் டெக்ஸ்ட்ரின் என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. சாற்றை நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டால் அவற்றைத் தின்ன முடியாது. பீருக்குக் கனம் தருவது அந்த மிச்சம்தான். தேனிலோ பெரும்பங்கு ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும். ஈஸ்ட் வழித்துத் தின்றுவிடும். 20 லிட்டருக்கு 1 கிலோ தேன் சேர்த்தால், அதிலுள்ள சுமார் 800 கிராம் சர்க்கரை நொதித்து ஆல்கஹால் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும். நாக்குக்குக் கிடைப்பது இன்னும் லேசான, வறண்ட பீர்.

மிஞ்சுவது வாசனை. அதைப் பிடிக்க ஓர் அருமையான வழி இருக்கிறது. வாய் குறுகிய கண்ணாடித் தம்ளரில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, 8 முதல் 10 டிகிரி வரும்வரை உள்ளங்கையில் பிடித்திருங்கள். சில்லென்று இருந்தால் மணம் எழும்பாது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு விழுங்குங்கள். கசப்பும் குமிழியின் சுருக்கும் மட்டும் தெரியும். இப்போது கையை எடுத்து மூக்கு வழியே மூச்சை விடுங்கள். தொண்டைக்குப் பின்னாலிருந்து ஏறும் காற்றில் பூவும் தேன்மெழுகும் கலந்த மணம் சட்டென்று விரியும். "இனிக்கிறது" என்றுகூடத் தோன்றும். நாக்கில் சர்க்கரை இல்லை. தேன் மணத்தையும் இனிப்பையும் சேர்த்தே பழகிய மூளை அப்படிச் சொல்கிறது.

மணமே வரவில்லையா? மால்ட் சாறு கொதிக்கும்போதே தேனை ஊற்றியிருப்பார்கள். பெங்களூரின் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். வாசனை ஆவியோடு போக அதுவே தாராளம். மிஞ்சியதையும் நொதிக்கும்போது பொங்கும் கரியமில வாயு அள்ளிக்கொண்டு போகும். ஆகவே நொதித்தல் வேகம் தணிந்த பிறகு சேர்ப்பதே சரி. ஆனால் பச்சைத் தேனை அப்படியே ஊற்றக் கூடாது. அதிலுள்ள டயஸ்டேஸ் நொதி டெக்ஸ்ட்ரினை உடைத்து ஈஸ்ட்டுக்குப் புதுத் தீனி போடும். பாட்டிலுக்குள் இது நடந்தால் திறந்ததும் பொங்கி வழியும், பாட்டில் வெடிக்கவும் செய்யும். தேனில் கொஞ்சம் நீர் கலந்து, மூடிவைத்து, 80 டிகிரியில் அரைமணி நேரமாவது சூடாக்கிச் சேர்க்க வேண்டும். "சூடாக்கிய தேன் நஞ்சு" என்று பயப்படுகிறவர்களுக்கு: சூட்டில் கூடும் ஹெச்எம்எஃப் என்ற பொருள் வறுத்த காப்பிக்கொட்டையில் பல மடங்கு அதிகம். தினமும் இரண்டு வேளை ஃபில்டர் காப்பி குடிக்கும் வீட்டில் இந்தப் பயம் வேண்டாம்.

மணம் வந்தாலும் உடனே மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். தேனே சேராத பீரும் காற்றுப்பட்டுப் பழசானால் தேன்போல மணக்கும். தேனில் மணக்கும் அதே ஃபீனைல்அசிட்டால்டிஹைடு, மால்ட்டின் ஓர் அமினோ அமிலத்திலிருந்து அங்கே உருவாகிறது. கூடவே நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் அது பழைய பீர். கவுன்டரில் இரண்டு கேள்வி கேளுங்கள்: தேன் எந்தக் கட்டத்தில் சேர்ந்தது, இந்தப் பீப்பாய் எப்போது நிரப்பியது?